நான்காவது முந்திரிக்கொத்து

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் என் அக்கா தோற்ற செய்தி, ஊருக்குத் தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும். அப்போது நான் நான்காம் வகுப்பு. அவ்வளவு பெரிய ரகசியத்தை அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் என்னிடம் ஒப்படைத்ததில்லை.

அந்த நிகழ்ச்சியைச் சென்னையில் முன்கூட்டியே எடுத்துவிட்டு, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காட்டுவார்கள். அதுவரை முடிவை வெளியே சொல்வதில்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால் விடியற்காலைப் பேருந்தில் அக்காவை எங்கள் ஊரான ஏரலுக்கு அழைத்துவந்தவர், நேரே உள்ளறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். யார் கேட்டாலும் அக்கா சென்னையில் இருக்கிறாள்.

"வெளிய மூச்சு விட்டே, தோல உரிச்சிருவேன்" என்றாள் அம்மா.

ஊரோ அக்காதான் ஜெயிப்பாள் என்று முடிவு கட்டியிருந்தது. கடைவீதியில் அவள் படம் போட்டு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். பள்ளியில் டீச்சர் கேட்டபோது, "சென்னையில இருக்கா டீச்சர்" என்று கண் இமைக்காமல் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமா என்று, வீட்டுப்பாட விஷயத்திலும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தேன்.

அக்கா பாட்டையே விட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. "இனிமே நான் தெருவுல எறங்க மாட்டேம்மா" என்று ஒருநாள் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு மாலை தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்காரும். டிவியில் அக்கா பாட, எல்லோரும் கைதட்டுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அதே அக்கா தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டு அத்தை மட்டும் வெறுங்கையோடு வரமாட்டாள். தூக்குச்சட்டியில், பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து இருக்கும். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்கு நான்கு. அத்தைக்குக் கணக்கு வராது போல என்று நினைத்து, மிச்சமானதை ஒவ்வொரு வாரமும் நானே தின்றேன்.

மூன்றாவது ஞாயிறு, டிவியில் அக்கா சரணத்தில் சுருதி விலகினாள். வெளியேறுபவர் என்று அவள் பெயரைச் சொன்னதும் அத்தை எழுந்தாள். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளறைக் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"தோத்தா என்ன? நம்ம புள்ள பாட்டுக்கு என்ன கொறச்சல்? அவ பைய வரட்டும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

கதவோடு பேசுகிறாளே, அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்களும் கதவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை குளியலறையில் பாட்டுக் கேட்டது. பிறகு அக்கா சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள்; அதாவது, உள்ளறையிலிருந்து வாசலுக்கு வந்தாள். எதிர்வாசலில் அத்தை நின்றிருந்தாள்.

"ஏட்டி, முந்திரிக்கொத்து எப்படி இருந்துச்சு?"

"எந்த முந்திரிக்கொத்து அத்தே?"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த மூன்று வாரமும் அம்மா அக்காவின் சுடிதார்களைத் துவைத்து, தெருவைப் பார்த்த மாடிக் கொடியில்தான் காயப்போட்டிருந்தாள். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியது நான் ஒருத்திதான் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.