ஆடு தொடாத கஷாயம்

அம்மா அப்பாவுக்கு விஷம் வைக்கிறாள் என்று நான் கண்டுபிடித்தபோது எனக்கு ஏழு வயது. கண்டுபிடித்ததாக நினைத்தபோது என்று எழுதுவதுதான் நியாயம். ஆனால் அந்த வயதில் நியாயத்தைவிடத் துப்பறிவதில்தான் எனக்கு ருசி.

தடயங்களுக்கும் குறைவில்லை. ஏழாயிரம்பண்ணையில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலியோரம் ஆடாதோடை மண்டிக் கிடந்தது. தீபாவளிச் சீசன் சூடு பிடித்ததும் அம்மா விடியுமுன் அங்கே போய், பக்கத்து வீட்டுச் சுவரை ஒருதரம் பார்த்துவிட்டு இலை பறிப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு, மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அப்பாவுக்கு மட்டும் ஒரு டம்ளர். எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கேட்டால், "வெளிய மூச்சு விட்டே, தோல உரிச்சிருவேன்லே." அப்பா உள்ளே இருமினால் போதும், வெறும் உரலில் டங்கு டங்கென்று உலக்கையைப் போடுவாள். எங்கள் தெருவில் வாடகை வீடியோ டெக்கில் ஓட்டிய படங்களில் டம்ளர் நீட்டிய எந்தப் பொம்பளையும் யோக்கியமாக இருந்ததில்லை.

சோதனைக்கு எங்கள் கிடாய்க்குட்டி கிடைத்தது. பட்டாசு லேபிள் கட்டையும் அப்பாவின் கைலி முனையையும் தின்று செரித்த ஜீவன். ஆடாதோடைக் கொத்தை நீட்டினேன். முகர்ந்தது, தும்மியது, என்னைக் கேவலமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆடே தொடாததென்றால் விஷமேதான் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் காலை, கம்பெனிக்கு ஆள் ஏற்ற வந்த ஏஜென்ட் வேனை வாசலில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். நான் பாய்ந்தேன்.

"குடிக்காதீகப்பா! வெசம்! ஆடுகூடத் தொடல!"

ஏஜென்ட் டம்ளரை வாங்கி முகர்ந்தார். "ஆடாதோடையா? நெஞ்சுச் சளிக்குல்ல குடிப்பாக. என்ன அண்ணாச்சி, இருமலா? இருமுற ஆள வேலைக்கு ஏத்தாதன்னு மொதலாளி சொல்லியிருக்காரு, தெரியும்ல?"

"அய்ய, அது எனக்கு!" என்று அம்மா டம்ளரைப் பிடுங்கினாள். "அவரு கல்லு கணக்கா இருக்காரு." மடமடவென்று குடித்தாள். சொட்டு விடாமல் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள்.

மாட்டிக்கொண்டதும் தானே விஷத்தைக் குடித்துவிட்டாள்! ஒரு நிமிடம் முன்புவரை கொலைகாரியாக இருந்தவளைக் கட்டிப்பிடித்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ உருண்டது. முடிந்தது கதை என்று ஊளையிட ஆரம்பித்தேன்.

"ஏலே, நான் ஒண்ணும் சாகல. போயி அப்பாவுக்கு டாட்டா காட்டு" என்று தள்ளிவிட்டாள். குரல் சிரித்தது. கை சில்லிட்டிருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேனருகே ஓடிக் கையாட்டினேன். ஏஜென்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா பதிலுக்குக் கையாட்டவில்லை. உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டி, முகம் சிவந்துகொண்டே போனது. வேன் தெருமுனை திரும்பும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

என் மேல் அம்புட்டுக் கோபம் என்று நினைத்து, சாயங்காலம் விழப்போகும் அடிக்குப் பயந்து, அன்று பகல் முழுக்க விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தேன்.