கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி

இஸ்திரிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயதில் சீனமொழிப் பித்துப் பிடித்தது. மேஜையில் சட்டை, பக்கத்தில் போன். போன் சொல்லும், இவர் திருப்பிச் சொல்வார். சந்தையில் விலை கேட்பது, பேருந்துக்கு வழி கேட்பது, சாப்பிட்டாயா என்பது. குரலை ஏற்றி இறக்கினால் பொருளே மாறிவிடும் மொழி அது. அதனால் இஸ்திரிப் பெட்டியை மேலே தள்ளி ஒரு குரல், கீழே இழுத்து ஒரு குரல் என்று பழகினார்.

“என்னங்க, சட்டையோட சண்டையா?” என்பாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

காரணம் இருவருக்கும் தெரியும். ஒரே மகள். வேலைக்குப் போன ஊரில் ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டாள். ‘என் முகத்துலயே முழிக்காதே’ என்று போனை வைத்தவர், இரண்டு வருஷம் அவள் அழைப்பை எடுக்கவே இல்லை. அவள் காய்ச்சலில் செத்துப்போனாள். அவள் பொருட்களோடு வருகிறேன் என்று மருமகன் எழுதியிருந்தான். கடைசியில் தன்னை மன்னித்தாளா என்பது ஒன்றுதான் இவருக்குத் தெரிய வேண்டும்.

“போன்லயே மொழிபெயர்த்துக் கேக்கலாமே?” என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

“என் பொண்ணு சொன்னதை மிஷின் வந்து சொல்லணுமா? போய்யா!”

வீம்பு மட்டும் இவரை விட்டதே இல்லை.

மருமகன் வந்தான். ஒல்லி உடம்பு, சிவந்த கண். இவர் கையைக் காற்றில் ஏற்றி இறக்கி, மூன்று மாதம் தேய்த்த கேள்வியைக் கேட்டார். “தா ஷ்வோ ஷம்மா?” அவள் என்ன சொன்னாள்?

அப்பழுக்கில்லாமல் வந்து விழுந்தது. மாமனாருக்கு மொழி தெரியும் என்றே அவன் நம்பிவிட்டான். யாரிடமும் கொட்டாததையெல்லாம் கொட்டினான். நெஞ்சைத் தொட்டான், அழுதான், மறுபடி சொன்னான். கேட்கப் பழகியவர் பதிலுக்குப் பழகவில்லையே! ‘பாபா’, அப்பா, என்ற சொல் மட்டும் நாலு தடவை காதில் விழுந்தது. அம்மாவுக்கான சொல் வரவே இல்லை. அப்படி அழுகிறவனை நிறுத்த இவருக்கு மனம் வரவில்லை. “ஹாவ், ஹாவ்” என்று தலையாட்டினார். நல்லது, நல்லது.

பாரம் இறங்கியவனாக அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான். இனி எந்த முகத்தோடு மறுபடி கேட்பது?

அவன் முகம் கழுவப் போனதும் மனைவி ஓடி வந்தாள். “என்னங்க சொன்னா நம்ம பொண்ணு?”

இவர் ஒரு சட்டையை எடுத்து விரித்தார்.

“உன்னைத்தான் கேட்டாளாம்” என்றார். “அம்மா, அம்மான்னு நாலு தடவை.”