கோழிக்குக் கேட்காத வெடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். முன்னது பின்னதாக வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. இது நடந்தது எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேர் பருக்க ஆரம்பித்திருந்தது, ஒரு வாரமாகத் தூறல், அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது.

எங்கள் காடு, அதாவது வெள்ளாமை நிலம், நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஒரு தடவை வந்துபோனால் நாலு பாத்திக் கிழங்கு போய்விடும். அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருந்தார். மாமனார் காலத்திலிருந்து லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி. தோட்டா போடுவதல்ல. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி உள்ளே விட்டு, இரும்புக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் சுண்டைக்காய் அளவு கூட இல்லாத ஒரு கேப்பு மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை கேப்பில் அடிக்கும், கேப்பின் நெருப்பு உள்ளே போய் மருந்து பிடிக்கும். பன்றியைச் சுடக் கூடாது என்று சட்டம் இருப்பதால் ஈய ரவை போடமாட்டோம். வெறும் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கே பன்றி மலை ஏறிவிடும்.

மருந்து அளப்பதும் நார் உருட்டுவதும் என் வேலை. இருமல் டானிக் பாட்டில் மூடியால் ஒரு மூடி அளந்து கொடுப்பேன். குத்துவது அவர். எத்தனையோ வருஷம் அப்படியே நடந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் எங்களுக்கு மாமன் மச்சான் முறை. வயதில் சின்னவர், நாற்பதுக்குள் இருக்கும். வேலியை ஒட்டி முட்டைக்கோழிப் பண்ணை போட்டார். மூன்று ஷெட்டு. நல்ல மனிதர். எரு கேட்டால் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். எனக்கு மூட்டு வலி வந்தபோது தன் காரில் சேலத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அவர் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஒரு வெடிக்கு எனக்கு ஒரு வாரம் ஓடு கட்டாத தோல்முட்டைங்க. கோழியெல்லாம் கூண்டுல தலைய முட்டிக்குது."

"அதுக்கு நான் என்ன மாப்ள பண்ணட்டும்? பன்னிகிட்டப் போயி, சத்தம் போடமாட்டேன், நீயா ஓடிருன்னு சொல்லட்டுமா?"

"கொஞ்சம் மெதுவாச் சுடுங்க மாமா."

"மெதுவாச் சுடறதுக்கு இதென்ன ரேடியோவா, திருகிக் கொறைக்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த எரு இல்லாமல் எங்கள் காட்டில் கிழங்கு அப்படி விளைந்திருக்காது. மறுநாள் என்னிடம், "முக்கா மூடி போடு புள்ள, பாப்போம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முக்கால் மூடியில் சத்தம் குறைந்தது. பண்ணைக்காரர் வேலி மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மாமா" என்றார். அரை மூடிக்கு வந்தோம். பன்றிக்குக் கேட்க வேண்டும், கோழிக்குக் கேட்கக் கூடாது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அலுப்பும் வருகிறது. தினமும் சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, கால் வலியோடு வரப்பேறி, அரை மூடியா அரைக்கால் மூடியா என்று இரண்டு கிழடுகள் அளந்துகொண்டிருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. வெளியில் யாருக்கும் தெரியாது. யார் என்ன சொன்னாலும் "ஆமாமா" என்று தலையை ஆட்டிவிடுவார், பாதிக்குப் பாதி அது பொருந்திப் போய்விடும். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். அந்தப் பயம் ஒருபக்கம். அதைவிட ரோஷம். நானும் அவர் எதிரில் அதைப் பேசியதில்லை. பொதுவாகவே நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கிறவள் இல்லை. கல்யாண வீட்டில் கூட அடுப்படியிலேயே இருந்துவிட்டு வருவேன்.

அரை மூடிக்கும் குறைத்த முதல் நாள் நான் மாட்டுக் கொட்டாயில் பால் கறந்துகொண்டிருந்தேன். காட்டுப் பக்கமிருந்து "டப்" என்று சுள்ளி ஒடிகிற மாதிரி ஒன்று கேட்டது. அவ்வளவுதான். அவர் சந்தோஷமாக வந்தார். தோள்பட்டையில் இடிக்கவே இல்லை, இப்போதுதான் அளவு பிடிபட்டது என்றார்.

"பொகை வந்துதுங்களா?" என்று காதருகில் போய்க் கேட்டேன்.

"கொஞ்சூண்டு மருந்துக்கு என்ன பொகை வரும்? தூறல் வேற."

மறுநாளும் அதே "டப்". அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். சுடுவதற்கு முன் அவர் குத்தும்போது, கம்பி வழக்கத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நார் பெரிதாக உருட்டிவிட்டேன் போல என்று என்னையே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை.

பண்ணைக்காரருக்கு ஒரே குஷி. "மாமா, ரெண்டு நாளா ஒரு கோழி அசையலீங்க. எப்படிங்க மாமா பண்றீங்க? எங்க சூப்பர்வைசரக் கூட்டியாரேன், அவரும் பாக்கட்டும்."

மூன்றாம் நாள் பொழுதோடு இரண்டு பேரும் வேலி தாண்டி வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் போனேன். என் வீட்டுக்காரர் எழுபது வயதில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். மருந்தை வாங்கிக் கொட்டினார். நாரை விட்டார். கம்பியை எடுத்துக் குத்தினார்.

கம்பி வழக்கத்தைவிட நாலு விரல் கூடுதலாக வெளியே நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம், அப்படியானால் கம்பி முன்னைவிட உள்ளே போக வேண்டும். வெளியே வருகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் வெடித்தது கேப்பு மட்டும்தான். ஈரத்தில் நெருப்பு உள்ளே போகவில்லை. மருந்து அப்படியே கிடக்கிறது. கேப்புச் சத்தத்துக்கும் மருந்துச் சத்தத்துக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. அதன் மேலேயே திரும்பத் திரும்பக் கெட்டித்திருக்கிறார். இன்று மூன்றும் சேர்ந்து பிடித்தால் அந்தப் பழைய குழல் தாங்குமா?

அவர் பையில் கேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, முந்தி போட்டது உள்ளயேதான் இருக்குதுங்க" என்றேன்.

"ஆமாமா" என்றார்.

கையைத் தொட்டு இன்னொரு தடவை சொன்னேன். "ஆமாமா, தள்ளி நில்லு" என்றார். பண்ணைக்காரர், "என்னங்கத்தை, பயமா? சத்தமே வராதுங்க" என்று சிரித்தார். அவரிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் மாமாவுக்குக் காது கேட்காது என்று சொன்னால் போதும். இரண்டு ஆம்பளைகள் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. நான் சொம்புத் தண்ணீரை அப்படியே குழல் வாயில் கவிழ்த்துவிட்டேன்.

சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். "என்னங்கம்மா, துப்பாக்கிக்குத் தாகமா?"

என் வீட்டுக்காரர் முகம் கருத்துப்போயிற்று. "கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

அதற்குப் பிறகுதான் கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "உங்களுக்குத்தான் காது கேக்கறதில்லீங்களே! ரெண்டு நாளா ஒண்ணுமே வெடிக்கலீங்க! எல்லாம் உள்ளயே கெடக்குது!"

ஷெட்டில் கோழிகள் எல்லாம் ஒரே கூச்சலாகக் கத்தின. யாரும் சிரிக்கவில்லை. பண்ணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

நாலு நாள் என்னிடம் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்ற வெசனம் எனக்கு. நார் பெரிதாக உருட்டியதுதான் என்று ஆகிவிட்டால், சபையில் அவரைச் செவிடன் என்று சொன்னது மட்டும்தான் மிச்சம்.

ஐந்தாம் நாள் பண்ணைக்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்து, லைசென்ஸ் புத்தகத்தோடு எங்களைச் சேலத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் திருகு வைத்த ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்தார். நார் வந்தது. பின்னால் கறுப்புச் சேறு. மறுபடியும் நார். மறுபடியும் சேறு. மூன்றாவது நாரை மேஜை மேல் போட்டுவிட்டு, "கேப்பு போட்டிருந்தீங்கன்னா கையோ கண்ணோ ஏதாவது ஒண்ணு போயிருக்கும் பெரியவரே" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். நாலு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. எல்லார் எதிரிலும், கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கேட்டார்.

நான் மூன்று விரலைக் காட்டினேன். மேஜை மேல் இருந்த நார் உருண்டைகளை அவரே ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "ம்" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், லைசென்சை ஒப்படைக்கிறேன் என்று மனு எழுதச் சொன்னார். அவர் கையெழுத்து மட்டும்தான் போடுவார். காரணம் என்ன எழுதட்டும் என்று காதருகில் கேட்டேன். "உள்ளத எழுது" என்றார். "எனக்குக் காது கேட்பதில்லை" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இன்னும் சத்தமாக வாசி என்றார், வாசித்தேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

துப்பாக்கி போய்விட்டது. பன்றி போகவில்லை. அந்த வருஷம் கிழங்கு பாதிக்கு மேல் போயிற்று. இப்போதும் பொழுதோடு நாங்கள் இரண்டு பேரும் காட்டோரம் போய் உட்காருகிறோம். எனக்குச் சலசலப்புக் கேட்டால் அவர் முதுகில் தட்டுகிறேன், அவர் எழுந்து டார்ச் அடித்து விரட்டுகிறார். நடக்க முடியவில்லை, இருந்தாலும் போகிறோம்.

எழுதியதில் எனக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஈரத்தால்தான் நெருப்புப் பிடிக்கவில்லையா, மருந்தைக் குறைத்ததாலா என்று எனக்குத் தெரியாது, நானாகத்தான் ஈரம் என்று எழுதினேன். தண்ணீர் ஊற்றினால் உள்ளே கடைசியில் கிடந்த மருந்து வரைக்கும் நனைந்திருக்குமா என்பதும் தெரியாது. நனையாமல் இருந்து, அதோடுதான் காரில் மூன்று பேரும் சேலம் வரைக்கும் போனோமோ என்று சில நாள் நினைப்பு வருகிறது. துப்பாக்கி தெரிந்தவர்கள் யாராவது இந்த இரண்டையும் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.