லூட்சியானின் காக்கி

"ஏறுங்க பானி கிங்கா, சும்மா ஏறுங்க. யோசிக்கக் கூடாது. யோசிச்சா கால் மாறிடும்."

பெயிண்ட் கடையின் பின்கட்டில், காலை பத்து மணிக்கு, ஒரு முக்காலியைப் போட்டு என்னை அதன்மேல் ஏறச் சொல்கிறார் லூட்சியான். கிங்கா என் பெயர்; பானி என்றால் எங்கள் மொழியில் அம்மா, பான் என்றால் ஐயா. நான் ஏறுகிறேன். அவர் குனிந்து என் செருப்பு பதிந்த இடத்தைப் பார்க்கிறார். "இடது கால். நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, ரொட்டிமேல் அடுக்கிய முள்ளங்கித் துண்டு சரிந்து விடாமல் ஒரு கடி கடிக்கிறார். எண்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையில் ஏறியவன் எந்தக் காலை முதலில் வைத்தான், அந்த இடத்தில் பெயிண்ட் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பது அவருக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். கடை வாசலில் கார்க் கதவில் கீறல் விழுந்த ஒருவர் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பதெல்லாம் அப்புறம்.

பிட்கோஷ்ச் நகரில், ஆற்றை ஒட்டிய தெருவில், கார்களுக்கு நிறம் கலந்து கொடுக்கும் கடை இது. முன்னால் வருகிறவர்களிடம் நான் பேசுவேன். பின்னால் அவர் கலக்குவார். வயது அறுபத்தொன்று. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே அரை மணி நேரம் தேடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இன்னொரு பெயிண்ட் வேலை தொடங்கிவிடும். கம்ப்யூட்டரில் போர்க்கால விமானங்களுக்கும் டாங்கிகளுக்கும் மேல்தோல் வரைகிறார்.

விமானத்தின் உருவத்தை வேறு யாராவது கம்ப்யூட்டரில் கட்டித் தந்துவிடுவார்கள். அது வெறும் வெள்ளைப் பொம்மையாக மொட்டையாக நிற்கும். அதன் தோலை உரித்து ஆட்டுத்தோல் மாதிரி விரித்துப் போட்டால் எப்படியிருக்குமோ, அப்படி ஒரு தட்டையான படம் லூட்சியானிடம் வரும். அதில் ஒவ்வொரு தகட்டு மூட்டையும், ஆணித் தலையையும், புகைக்கரியையும், எண்ணெய் வழிந்த தடத்தையும் அவர் வரைவார். வரைந்ததை மறுபடி விமானத்துக்குப் போர்த்தினால் அது நேற்றுத்தான் தரையிறங்கியதுபோல் இருக்கும். விமான விளையாட்டு ஆடுகிறவர்கள் கூடும் இணையத்தளம் ஒன்றில் போட்டுவிடுவார், யாரும் எடுத்துக்கொள்ளலாம். முதன்முதலாகச் செய்ததில் இடப்பக்கத் தோலையே வலப்பக்கத்துக்கும் மடித்துப் போட்டுவிட்டார். வலப்பக்கத்து எண்களெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. "இது பின்னாடியே பறக்கிற விமானமா?" என்று ஒருவர் கேட்டாராம். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னமும் யாராவது ஞாபகப்படுத்தினால் காது சிவந்துவிடுகிறது.

அந்த விளையாட்டை அவர் ஆடுவதே இல்லை. "சுடறதெல்லாம் நமக்கு ஆகாது" என்பார். ஒருமுறை மேலே கிளப்பப் பார்த்து ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கொண்டுபோய் மோதியிருக்கிறார். அதோடு சரி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் திரைக்குள் இருக்கும் புல்வெளியில் விமானத்தை நிறுத்துவார், நேரத்தை விடியற்காலை என்று வைப்பார், அதைச் சுற்றிச் சுற்றி வருவார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

நிறத்தில் மட்டும் மனிதருக்கு ஏகப்பட்ட கர்வம். மற்றவர்கள் நிற அட்டையும் எண்ணும் வைத்துக்கொண்டு நிறம் பிடிப்பார்கள். இவருக்கு அது கேவலம். இளவயதில் ஒரு சதுப்பு நிலத்தில் தோண்டியபோது கராஷ் விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று கிடைத்தது. கராஷ் என்றால் எங்கள் மொழியில் கெண்டை மீன். மூன்று பேர் போகும் பெருவயிற்றுக் குண்டுவீச்சு விமானம். சேற்றைக் கட்டைவிரலால் வழித்தபோது அந்தக் காலத்துக் காக்கி நிறம் பளிச்சென்று தெரிந்ததாம். பத்து நிமிடத்தில் உலர்ந்து சாம்பலாகிவிட்டது. "அந்தப் பத்து நிமிஷம் இங்க இருக்கு பானி" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அந்த இணையத்தளத்தில் காக்கி பற்றிச் சண்டை வந்தால் கடைசியில் எல்லோரும் இவரைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் பக்கத்து நகரமான தொரூனிலிருந்து லூட்சியான் பெயருக்குக் கடை முகவரியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பானி அப்பொலோனியா, தொண்ணூறு வயது. அவருடைய அப்பா ஒரு கராஷில் துப்பாக்கி வீரராக இருந்தவர். முப்பத்தொன்பது செப்டம்பரில் போர் தொடங்கியதும் போனவர் திரும்பவில்லை. வீடு எரிந்ததில் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. "அப்பாவின் முகம் எனக்கு மறந்துவிட்டது. ஆனால் ஐந்து வயதில் என்னைத் தூக்கி விமானத்தின் இறக்கையில் உட்கார வைத்தார். என் செருப்பு ஆணி பட்டு ஒரு கீறல் விழுந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். அந்த விரலும், அதன் அடியில் இருந்த நிறமும் நினைவிருக்கிறது" என்று எழுதியிருந்தார். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, லூட்சியான் ஒரு டப்பாவைத் திறந்து வெறுமனே கலக்கிக்கொண்டே நின்றார்.

அந்தக் கராஷை வரைய நான்கு மாதம் உழைத்தார். இடது இறக்கையின் ஓரத்தில் குழந்தைச் செருப்பின் கீறலையும், தேய்த்ததால் மங்கிய இடத்தையும் வரைந்தார். பெரிய தாளில் அச்சிட்டுச் சட்டம் போட்டு அனுப்பினார். அந்தம்மா அதைத் தன் படுக்கைக்கு எதிரே மாட்டிக்கொண்டார்.

இந்த வசந்தத்தில்தான் கொசு கடித்தது. கொசு என்பது அந்தத் தளத்தில் ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். "பான் லூட்சியான், உங்க காக்கி ஏன் நீலம் பாரிச்சிருக்கு? கெண்டை மீன் குளிர்ல வெறைச்சுப் போச்சா?" என்று எழுதிவிட்டார். இவர் கொதித்துப்போனார். நாலு பக்கத்துக்குப் பதில் எழுதி, கடையில் எனக்கு உரக்கப் படித்தும் காட்டினார். அப்புறம் இன்னும் இரண்டு பேர், மிகவும் மரியாதையாக, ஆமாம், கொஞ்சம் நீலம்தான் என்றார்கள். இவர் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கடையிலோ ஒரு தவறும் வரவில்லை. அதனால் நானும் கொசுவைத்தான் திட்டினேன். உண்மையைச் சொன்னவர் லூட்சியானின் மனைவி ஒத்தீலியா. அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த ரொட்டியைக் கொடுக்க வந்தவர், கையோடு ஒரு புகாரும் கொண்டு வந்தார்.

"ரெண்டு வருஷமா திரைச்சீலைய ஏன் துவைக்கலன்னு கேக்கறாரு பானி. போன வாரம் மூணாவது தடவ வெளுத்துப் போட்டேன். இன்னும் மஞ்சளா இருக்காம். பாலு மஞ்சளாம். என் தலமுடி மஞ்சளாம். நரைச்சுட்டேன்னு நானே ஒத்துக்கிட்டாலும் இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். கடையில் காரையும் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். கண் எப்படியிருந்தாலும் இரண்டும் ஒன்றாகவே மாறித் தெரியும். வீட்டில் ஒப்பிட ஒன்றும் கிடையாது, நெற்றிக்குள் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான். கண் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக மஞ்சளித்துவிட்டது. சரியான காக்கி அவருக்கு மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்துகிறேன் என்று மனிதர் இரண்டு வருடமாக நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் வலது கண்ணுக்கு அறுவை, இடது கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து என்று முடிவாயிற்று.

வலது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று நடந்ததை ஒத்தீலியா சொன்னார். திரைச்சீலையைப் பார்த்தாராம். மனைவியின் தலையைத் தொட்டுப் பார்த்து, "எப்ப இப்படி வெளுத்துச்சு?" என்றாராம். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கராஷைப் பார்த்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு வருடத்து விமானங்கள் பதினான்கும் மழையில் நனைந்த சிலேட்டு நிறத்தில் நின்றன. மறுநாள் தளத்தில் ஒரே வரி எழுதினார்: "கொசு சொன்னது சரி. கண் என்னுடையது, தப்பும் என்னுடையது." கொசு பதிலுக்கு ஒரு மீன் படம் போட்டு, பக்கத்தில் ஒரு பூவும் வைத்திருந்தார்.

"தளத்துல இருக்கறத எப்ப வேணா மாத்திக்கலாம்" என்றார் என்னிடம். "செவுத்துல மாட்டினத என்ன பண்ண? அப்பா மொகம் போயி அவங்ககிட்ட மிச்சம் இருக்கறதே அந்தக் கலர் ஒண்ணுதான். அதையும் நான் பொய்யாக் குடுத்துட்டேன். தெனம் காலைல கண்ண முழிச்சதும் என் பொய்யத்தான் பாக்கறாங்க. தொண்ணூறு வயசு, பானி. திருத்திக் குடுக்க எனக்கு நேரம் இருக்கோ இல்லியோ."

ஒன்பது நாளில் புதுக் கண்ணால் அந்த ஒரு விமானத்தை மட்டும் திருத்தி, மறுபடி அச்சிட்டார். வண்டி ஓட்ட மருத்துவர் விடவில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை நான்தான் தொரூனுக்கு ஓட்டிப் போனேன். வழியெல்லாம் தாள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடி வந்தார்.

பானி அப்பொலோனியா கண்ணாடித் தம்ளரில் தேநீரும் பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கேக்கும் வைத்தார். லூட்சியான் கேக்கைத் தொடவில்லை. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, தப்பு செய்துவிட்டேன், கலர் தவறிவிட்டது, சரியானதைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று ஒப்பித்தார். சுருளைப் பிரித்து, சுவரில் மாட்டியிருந்த படத்தின் பக்கத்தில் பிடித்தார். நான் பார்த்தேன். எனக்கே தெரிந்தது, பழையது அப்பட்டமான நீலம்.

அந்தம்மா கைத்தடியை ஊன்றிக் கிட்டே வந்தார். புதியதைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார், மறுபடி புதியதைப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, கடுகு அரைச்சுப் பூசின மாதிரி மஞ்ச மஞ்சன்னு? இத நீங்களே கொண்டு போயிடுங்க" என்றார். பழைய படத்தின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். "இதுதான் எங்கப்பாவோடது. மொத நாள் பிரிச்சப்பவே தெரிஞ்சுடுச்சு. அந்த வெரல் அப்படியே வந்து நின்னுச்சு எனக்கு."

"இல்லீங்க பானி, உங்க…" என்று ஆரம்பித்த லூட்சியான் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் அந்தம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. இரண்டு கருவிழியிலும் பால் ஏடு படிந்ததுபோல் புரை, லூட்சியானுக்கு இருந்ததைவிட முற்றியது.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. தாளை மெல்லச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

பிறகு அந்தம்மாவின் பக்கத்தில் போய் நின்று, புதுக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அறுவை செய்யாத இடது கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்தார்.