பவனிக் குடை

எங்கள் பங்குக் கோயிலின் பவனிக் குடை சிவப்பு வெல்வெட்டால் ஆனது. எட்டுக் கம்பிகள், விளிம்பில் மஞ்சள் குஞ்சம், பித்தளைக் கைப்பிடி. கிறிஸ்து அரசர் பெருவிழாவில் பங்குச்சாமி நற்கருணை அப்பத்தை ஏந்தி வரும்போது அதற்கு மேலே பிடிப்போம். ஆயர் வந்தால் அவர் தலைக்கு மேலே பிடிப்போம். மற்ற நாள்களில் வெள்ளைத் துணி சுற்றி பீரோவில் கிடக்கும். 2004 முதல் நான் பங்குப்பேரவைச் செயலாளர். பீரோச் சாவியும் குடை பிடிக்கும் உரிமையும் என்னிடம்தான் இருந்தன. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன் என்று இப்போது எழுதும்போதே என்மேல் எரிச்சல் வருகிறது.

அந்தக் குடையைக் கடைசியாக எடுத்துப்போன பங்குச்சாமி என்னைவிடப் பத்து வயது இளையவர். பிரசங்கம் சுமார்தான். முன்கோபம் உண்டு. கடிகாரம் பார்க்கும் வழக்கமே இல்லை. நானோ முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன். பூசை தொடங்கும் நேரத்தைக் குறிக்காமல் விட்டதில்லை. "காலைப் பூசை, 12 நிமிடம் தாமதம்" என்று எழுதியதை ஒருமுறை அவரிடமே காட்டினேன். "தீர்ப்பு நாள்ல மோட்ச வாசல்ல டேபிள் போட்டு உக்காரப் போறவரு நீங்கதான் சார்" என்று சிரித்தார். அது கேலி என்றுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் ஒரு மரம் மிஞ்சவில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கரண்டு இல்லாததால் தண்ணீரும் இல்லை. சாமி விடியற்காலையில் ஜெனரேட்டர் இருந்த ஒரு வீட்டில் டிரம்களை நிரப்பி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் காடாம்புலியூருக்குப் போய்வந்தார். அங்கே எங்கள் பங்கைச் சேர்ந்தவை நான்கே வீடுகள். தண்ணீர் ஊருக்கே போனது.

ஜனவரியில் ஒரு நண்பகல் பீரோச் சாவி கேட்டார். குடையோடு அவர் ஆட்டோவில் ஏறியதும் நானும் ஏறிக்கொண்டேன். உதவி செய்ய அல்ல, குடை என் பொறுப்பு என்பதால். ஊருக்கு வெளியே கூரை பறந்த ஒரு வீடு. சுவர் சாய்ந்திருந்ததால் உள்ளே போகப் பயந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாளே ஆன ஒரு பெண் வெட்டவெளியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்பவள். முந்தானையைக் குழந்தைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. வந்த தார்ப்பாய்கள் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தன. சாமி குடையை விரித்து, கைப்பிடியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்.

"ஐயோ சாமி, கோயில் சாமானு. எங்களுக்கு ஆவாது" என்றாள்.

"கீழ யாரு படுத்துக்கிறாங்கன்னு குடைக்குத் தெரியுமாம்மா? இவன் நடக்கறப்ப வந்து வாங்கிக்கிறேன்."

அன்று மாலை டைரியில் எழுதினேன்: "பிற்பகல் 2.40. பவனிக் குடை காடாம்புலியூரில் விடப்பட்டது. பங்குச்சாமியின் பொறுப்பில்."

அடுத்த வாரம் புயல் சேதம் பார்க்க ஆயர் வருவதாகச் செய்தி வந்ததும் பேரவை கூடியது. உபதலைவர் என் மனைவியின் அண்ணன். "நற்கருணைக்குப் புடிக்கிற குடைய முந்திரித் தோப்புல கட்டிட்டு வந்துக்கிறாரு. ஆயராண்டவர் தலைக்கு என்னாத்தப் புடிக்கறது, கோணியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், அவுரு லேட்டா வந்ததெல்லாம் உன் டைரில தேதியோட இருக்கும் இல்ல? குடு."

கொடுத்தேன். குடையைப் பற்றிய புகாருக்குக் கீழே, பூசை தாமதமான பதினான்கு நாள்களும் நிமிடக் கணக்கோடு ஆயருக்கு எழுதிய மனுவில் ஏறின. ஒன்றுகூடப் பொய்யில்லை. ஜனவரி மாதத்துத் தாமதமெல்லாம் தண்ணீர் டிரம்மால் வந்தது என்பதை மட்டும் நான் எங்கும் குறித்திருக்கவில்லை. செயலாளர் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். சாமி அந்த மனுவைப் படித்துவிட்டு, "நிமிஷமெல்லாம் சரியா இருக்குது சார்" என்றார். தவக்காலத்தில் மாற்றல் வந்தது. ஒரு பெட்டியோடு சிதம்பரம் பேருந்தில் ஏறித் தெற்கே போனார். வழியனுப்ப யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

சீடர்களின் காலைக் கழுவியவரைத்தான் அரசர் என்கிறோம். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்து அதை நடித்தும் காட்டுகிறோம். வேலைக்காரன்போல ஒருவர் நிஜமாகவே குனிந்தால், கோயில் மரியாதை கெட்டுவிட்டது என்று மனு எழுதுகிறோம். நம் ஊரில் பழங்காலத்து அரசனின் குடையைக்கூட, குடிகளுக்கு நிழல் என்றுதான் புகழ்ந்தார்கள். அரசன் தலை காயாமல் இருந்ததை யாரும் புகழவில்லை. பக்கத்துப் பங்கிலிருந்து இரவல் வாங்கிய குடையின் கீழ் ஆயர் வந்தார், உடைந்த ஓடுகளைப் பார்த்தார், சாப்பிட்டார், போனார். குடை பிடித்தவன் நான்தான். அந்தக் கையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இந்த நவம்பரில் கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்குப் புதுக் குடை வந்தது. பழையதைவிட அகலம், குஞ்சமும் ஜாஸ்தி. "பழசுலேர்ந்து பித்தளைப் பிடியையாவது கழட்டிக்கினு வா" என்று விழாவுக்கு முந்தின நாள் மச்சான் என்னைக் காடாம்புலியூருக்கு அனுப்பினார்.

அந்த வீட்டுக்குத் தகரக் கூரை வந்திருந்தது. குடை துவைத்து மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தது. வெல்வெட் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. பையன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தள்ளாடி நின்றான்.

"எடுத்துக்கினு போங்க சார். குஞ்சத்த மட்டும் இவன் கடிச்சிட்டான். சாமி எப்ப வருவாரு? நடக்கறப்ப வரேன்னாரே."

"மாத்தலாகிப் போயிட்டார்மா."

"யாரு சார் மாத்துனது?"

தேதியைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். பையன் என்னையே பார்த்தான். "நான்தாம்மா" என்றேன். அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வெறுங்கையோடு திரும்பி, பீரோச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். மறுநாள் பவனியில் புதுக் குடையை அவரே பிடித்தார். நான் கடைசி வரிசையில், வெயிலில் நடந்தேன். டைரி இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. ஜனவரிப் பக்கத்தை அடிக்கவில்லை. அது என் குற்றத்துக்குச் சாட்சி, இருக்கட்டும். நவம்பர்ப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலை 11.15. பவனிக் குடை காடாம்புலியூரில் விடப்பட்டது. என் பொறுப்பில்."