லினக்ஸும் என் ஹையர் பாஸும்

பாபநாசத்தில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வேறு வருமானம் கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் போன வருஷம் படுத்துவிட்டது. ரிப்பேர் கடையில், "இதுல புது விண்டோஸ் ஏறாதுங்க, வேற வாங்கிடுங்க" என்றார்கள், ஏதோ கத்தரிக்காய் வாங்கச் சொல்கிற மாதிரி. கம்ப்யூட்டர் வாங்க நான் எங்கே போவேன்?

கும்பகோணத்தில் நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்து முதலாளிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. போன் பண்ணினார். "திங்கக்கிழமையிலேருந்து வந்துடு. உன் சீட்டு காலியாத்தான் இருக்கு." அங்கே இருந்த வரைக்கும் என்னை "ஏய்" என்றே கூப்பிட்டவர். அது பொறுக்காமல்தான் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற லினக்ஸ் குழுவைப் பற்றிச் சொன்னார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றினால் பழைய கம்ப்யூட்டரும் ஓடுமாம், காசும் வாங்க மாட்டார்களாம். காசு வாங்காமல் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. இருந்தாலும் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நடவு முடிந்த வயல்கள். எதுவும் கண்ணில் ஏறவில்லை.

ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவரும் நர்ஸ் ஒருத்தியும் என் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். பழைய வேலைகளை எல்லாம் முதலில் வேறொரு டிஸ்கில் பத்திரப்படுத்திவிட்டு, லினக்ஸை ஏற்றினார்கள். திரை பளிச்சென்று வந்தது. உட்கார்ந்து அடித்தேன். திரையில் வந்தது எந்த ஊர்த் தமிழும் இல்லை.

"பயப்படாதீங்கக்கா, விசைகளோட வரிசை வேற, அவ்வளவுதான்" என்றாள் நர்ஸ். சின்னச் சின்னக் காகிதத்தில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொரு விசை மேலும் டேப் போட்டு ஒட்டினாள். "பார்த்துப் பார்த்து அடிச்சா ஒரு மாசத்துல பழகிடும்."

எனக்கு வந்ததே கோபம். "நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவம்மா. கீழ குனிஞ்சு பார்த்தா எங்க மாஸ்டர் ஸ்கேலாலயே விரல்ல போடுவாரு. பார்த்து அடிக்கறதுன்னா நான் நாளைக்கே கும்பகோணம் போயிடுறேன், விடுங்க." அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம், எத்தனை அழகாக வெட்டி ஒட்டியிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். "கீழ பார்க்கவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப உங்க கை எந்த வரிசையில பழகியிருக்கு?"

"டைப்ரைட்டர் வரிசைதான். வேற என்ன இருக்கு?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒருவர்கூடத் தமிழ் டைப்ரைட்டரைத் தொட்டதில்லை. மருந்துக்கடைக்காரர் கீபோர்டு வகைகளின் பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். கடைசியில், தமிழ் டைப்ரைட்டர் என்று ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது.

"இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லைங்க. சரியா இருக்கான்னு எங்களுக்கும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். திருக்கடையூரில் நடக்கிற ஒரு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை, தாய்மாமன் பெயர் வரைக்கும் முழுசாக. நர்ஸ் திரையைப் படித்துக்கொண்டே வந்தாள். "ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லக்கா" என்றாள்.

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வரலைங்க. எனக்கு என் வீட்டுலயே வேலை இருக்கு." அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார், வைத்துவிட்டேன். அப்புறம் அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.