மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏறிய விதம்

கட்டுப்பாட்டியல், வரிசைக் கோட்பாடு, அமைப்பு இயக்கவியல் என்று அமைப்பியலுக்குப் பல கிளைகள். இத்தனையும் படித்துவிட்டுத்தான் தேயிலைத் தோட்டக் குடிநீர் வேலைக்கு இலங்கை மலையகத்துப் பதுளைக்கு வந்தேன். வந்ததும் ஒரு கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டேன்.

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டம். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகத் தொழிலாளர் வரிசை வீடுகள், இரண்டு லயங்கள்; இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி. பள்ளத்து லயம் பிடித்தது போக மிஞ்சினால்தான் மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏறும். மிஞ்சினால்தானே!

மேட்டு லயத்துச் செல்லம்மா அக்கா வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணங்க. மாப்ள வீட்டாளுக மொனராகலையில இருந்து வாராங்க. கை கழுவக்கூடத் தண்ணி இல்லேன்னா எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

குழாயிலும் வால்விலும் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் நின்றுவிடும் என்று பயந்து பள்ளத்து லயத்தார் பீப்பாய் பீப்பாயாகப் பிடித்தார்கள். தினமும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடித்தார்கள். அதனால் தாங்கி வற்றியது. வற்றியதால் இன்னும் பிடித்தார்கள். பாடத்தில் இதற்குப் பின்னூட்டச் சுழல் என்று பெயர். கூட்டம் போட்டுப் படம் வரைந்து விளக்கினேன். அழகாகத் தலையாட்டினார்கள். போய் ஆளுக்கு இன்னொரு பீப்பாய் வாங்கினார்கள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை குழாய்க்குப் பூட்டுப் போடச் சொன்னார். எனக்கு வேறு புத்தி வந்தது. புதன்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னேன்:

"நாளைக்கும் மறுநாளும் ரிப்பேர். தண்ணி வராது. இருக்கிற எல்லாத்துலயும் புடிச்சு வச்சுக்கங்க."

பொழுது சாய்வதற்குள் பள்ளத்து லயத்தில் குடம், அண்டா, பிள்ளை குளிப்பாட்டும் பேசின் எல்லாம் நிரம்பிவிட்டன. மறுநாள் நான் வால்வைத் தொடவே இல்லை; தண்ணீர் வழக்கம்போல் வந்தது. அவர்களிடம் பிடிக்கப் பாத்திரமில்லை. பிடித்ததைக் கொட்டவும் பயம். குழாயை மூடினார்கள். மத்தியானம் மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏறியது. செல்லம்மா அக்கா அழுதேவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவர் பள்ளத்து லயத்து ராஜேஸ்வரி அக்கா.

"ரிப்பேர் முடிஞ்சிருச்சுங்களா ஐயா?"

சீக்கிரமே முடிந்துவிட்டது என்று இலையைப் பார்த்தபடி சொன்னேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"சரிங்க. இனிமே நீங்க ரிப்பேர்னு சொன்னா, மேட்டு லயத்துல யாருக்குக் கல்யாணம்னு மொதல்ல விசாரிச்சுக்கிறோம்."

இந்தப் படிப்புக்கு வரும் தம்பி தங்கைகளே, நாம் வெளியே நின்று அமைப்பைக் கணக்குப் போடுகிறோம். உள்ளே இருப்பவர்கள் நம்மைக் கணக்குப் போடுகிறார்கள். கைவசம் வேறு பொய் இல்லாததால், மேட்டு லயத்துக்குத் தனித் தாங்கியே கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.